துரை கொடுத்த டிரைவர்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. தாள் திருத்தும் பணியும் முடிந்தது. நெடுநாளாக எழுத எண்ணித் தள்ளிப் போட்டு வந்த ஒன்றை இன்று பதிகின்றேன். இலக்கணக் குறிப்புத் தேடி வந்தோர் பொறுத்தருள்க. இன்றைய பதிவு கோல்ப் ஆட்டத்தைப் பற்றியது. "தமிழ் வாத்தியாருக்கு எதற்கு இந்தத் துரைமார் ஆட்டம்?" என்று என் துணைவியாரே பலமுறை கேட்டுவிட்டார். அதற்கு விடை என் தந்தையாரிடம் இருக்கின்றது.

ரந்தாவ் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன் நான். தந்தையார் பால்மரம் வெட்டினார். ஞாயிறுதோறும் துரைக்குக் கெடியாகப் பை சுமந்து திடலுக்குப் போவார். மற்ற நாள்களில் தோளில் காண்டாக் கம்பு. ஞாயிற்றுக்கிழமை கோல்ப் பை. 1970களில் துரை சீமைக்குத் திரும்பியபோது, தம் பையிலிருந்து ஒரு மட்டையை எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் டிரைவர். லாரி ஓட்டுநரை நினைத்துக்கொள்ள வேண்டா. நீளமான குழிகளுக்கு முதல் அடியாகப் பந்தை மிகத் தொலைவுக்கு அனுப்பும் நீண்ட மட்டைக்கு அப்பெயர்.

லயத்து வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அது சாத்தப்பட்டிருந்தது. தலைப்பகுதி முழுதும் மரம். பெர்சிமன் என்னும் அமெரிக்க மரம். நம் கருங்காலியின் இனத்தைச் சேர்ந்தது என்று பின்னாளில் படித்தறிந்தேன். அடியில் பித்தளைத் தகடு, கழுத்தில் கறுப்பு நூல் சுற்று, மேலே தேன்நிற மெருகு. அப்பா ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் பூசித் துடைப்பார். ஒருநாளும் அதைக்கொண்டு பந்தடித்ததில்லை. அந்த ஆட்டத்தைக் கற்கும் ஆசை எனக்கு வந்தது நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகுதான். எம். ராமையா, பி. குணசேகரன் என்று தொழில்முறை ஆட்டத்தில் நம்மவர் பெயர்களை நாளேடுகளில் பார்த்தபோதெல்லாம் கிளர்ந்த ஆசை, சிரம்பான் பக்கத்துப் பயிற்சித் திடல் ஒன்றில் போய் முடிந்தது.

அங்கே பந்து பொறுக்கும் பையனாக என் பழைய மாணவன் ஒருவன் இருந்தான். வயது பதினாறு. பாட்டியின் வளர்ப்பு. வேலை முடிந்ததும் யாரோ விட்டுச் சென்ற இரும்பு மட்டையொன்றால் இருட்டும் வரை அடித்துக்கொண்டிருப்பான். பந்து நேராகப் போகும். பயிற்றுநர் ஒருவர் அவனைக் கவனித்து, "ஒரு டிரைவர் மட்டும் கொண்டு வா, கட்டணமின்றிச் சொல்லித் தருகிறேன்" என்றார். புது டிரைவரின் விலையோ அவன் பாட்டியின் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். பையன் என்னிடம் வந்து நின்றான்.

நான் செய்தது என்ன தெரியுமா? அப்பாவின் மட்டையை எடுத்துக் கொடுத்தேன். அதோடு நில்லாமல் அறிவுரையும் வழங்கினேன். "பழைய மட்டையில் பழகினால்தான் கை பண்படும். அக்காலத்தில் இதைக்கொண்டுதானே வென்றார்கள்!" என்றேன். தமிழாசிரியனின் நாவுக்குக் கேட்கவா வேண்டும்? பழமையைப் புகழ ஒரு வாய்ப்பு கிடைத்தால் விடுவதில்லை நாம்.

மூன்று வாரத்தில் பையனின் ஆட்டம் கெட்டது. பந்து வலப்புறம் வளைந்து வேலிக்கு அப்பால் போனது. அல்லது தரையை உரசிக்கொண்டு ஓடியது. நான் அருகில் நின்று, "பொறுமை, பொறுமை" என்றேன். பிறகு அவன் திடலுக்கு வருவதே நின்றுபோனது.

ஒரு மாலை அவன் பாட்டி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் பழைய சேலைத் துணியில் சுற்றிய மட்டை. கழுத்துக்குக் கீழே மரம் பிளந்திருந்தது. "வாத்தியாரையா, பையன் ஒடச்சிட்டான். ஒங்கப்பா நெனவா வச்சிருந்ததுன்னு சொன்னான். பயந்துக்கிட்டு ரெண்டு வாரமா மறைச்சு வச்சிருந்தான்" என்று சொல்லி, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐம்பது வெள்ளி நோட்டொன்றை நீட்டினார். அந்தக் கணம் எனக்கு நேர்ந்த வெட்கத்தை எழுதத் தெரியவில்லை. பணத்தை அவர் கையிலேயே வைத்து மூடினேன். உடைந்தது அவன் குற்றமன்று. ஐம்பதாண்டு வெயிலும் ஈரமும் தின்ற மரம். நான் எண்ணெய் பூசுவதையும் விட்டுவிட்டிருந்தேன். பயிற்சித் திடலின் கெட்டிப் பந்துகளை நூற்றுக்கணக்கில் அடித்தால் வேறென்ன நடக்கும்?

அதன் பின்புதான், முன்பே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். பயிற்றுநரிடம் கேட்டும் நூல்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டதைச் சொல்கின்றேன். உங்கள் பிள்ளைகளுக்கோ உங்களுக்கோ என்றேனும் பயன்படலாம்.

மரத்தலை சிறியது, எடை நடுவில் குவிந்திருக்கும். நடுப்புள்ளியில் பட்டால் பந்து இனிமையாகப் பறக்கும். அரை அங்குலம் விலகினால் தலை கைக்குள்ளேயே திருகிக்கொள்ளும். பந்து திசை மாறும், வேகமும் குறையும். தேர்ந்தவர் பெரும்பாலும் நடுவில் அடிப்பார். கற்பவர் அவ்வாறு அடிப்பது அரிது. ஆகவே பழைய மட்டையின் தண்டனை முழுவதும் விழுவது கற்பவர் தலையிலேதான். இன்றைய டிரைவர் உள்ளே பொள்ளலாக, விளிம்புகளில் எடையைப் பரப்பிச் செய்யப்படுகின்றது. இது எப்படி உதவும் என்று ஐயுறுவோர், காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளி தொங்க நடந்த பெரியவர்களைக் கேளுங்கள். அந்தப் பாரத்தோடு சட்டென்று திரும்ப முடியுமா? விளிம்பில் எடை கொண்ட மட்டைத் தலையும் அவ்வாறே. பந்து ஓரத்தில் பட்டாலும் எளிதில் திருகாது.

மரத்துக்கு மாற்றாக உலோகத் தலையைப் பரவலாக்கியது டெய்லர்மேட் நிறுவனம். கேரி ஆடம்ஸ் அதை 1979இல் தொடங்கினார். 1991இல் காலவே நிறுவனத்தின் பிக் பெர்த்தா வந்தது. தலையின் பருமன் 190 கன சென்டிமீட்டர். அன்று அதையே பூதம் என்று வியந்தார்கள்! பின்னர் டைட்டானியம் வந்தது, தலை வீங்கிக்கொண்டே போயிற்று. 2004இல் விதியமைப்பாளர்கள் 460 கன சென்டிமீட்டருக்கு மேல் கூடாது என்று வரம்பிட்டனர். முகத்தகட்டின் துள்ளலுக்கும் வரம்பு உண்டு. தலை திருகாமல் நிற்கும் தன்மைக்கும் 2006இல் வரம்பு வந்தது.

என் போன்ற சிக்கனக்காரருக்கு உவப்பான செய்தி இங்கேதான் இருக்கின்றது. வரம்புகள் அப்போதே விழுந்துவிட்டமையால், பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய டிரைவருக்கும் இவ்வாண்டு வந்ததற்கும் உள்ள வேறுபாடு, விளம்பரங்கள் சொல்லும் அளவுக்குப் பெரிதன்று. ஓரத்தில் பட்ட அடியைப் பொறுப்பதில் புதியது சற்று மேல். ஆனால் மரத்தலைக்கும் 460 தலைக்கும் உள்ள தொலைவோடு ஒப்பிட்டால் அது லயத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் உள்ள தொலைவுதான். ஆகவே "பழையது" என்னும் ஒரே சொல்லுக்குள் இரு வேறு பொருள்களை அடைத்து நான் குழம்பினேன். சொற்பொருள் சொல்லிக்கொடுப்பவன் செய்யக்கூடிய பிழையா இது?

பழைய மட்டைக்கு ஒரு நியாயம் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். அதன் தண்டு குட்டை. 43 அங்குல அளவில் இருக்கும். இன்றைய மட்டைகள் 45 அங்குலத்தைத் தாண்டுகின்றன. நீளம் கூடினால் வேகம் கூடும். நடுவில் படுவது குறையும். டைகர் உட்ஸ் 2000ஆம் ஆண்டில் தம் புகழின் உச்சியில் இருந்தபோது 43.5 அங்குல எஃகுத் தண்டுள்ள டிரைவரைத்தான் பிடித்திருந்தார். கற்பவர் பெரிய தலையைக் குட்டைத் தண்டில் பிடிப்பது நல்லது என்பது பயிற்றுநரின் கருத்து. எனக்கும் அது சரியாகப் படுகின்றது.

பழையது வாங்குவோர் சிலவற்றைப் பார்க்க வேண்டும். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த சில டிரைவர்களின் முகம் விதிக்கு மீறித் துள்ளும், போட்டியில் செல்லாது. தண்டின் விறைப்பு மிக முக்கியம். வலிமையான ஆடவர் கைவிட்ட விறைத்த தண்டு, மெல்ல வீசும் பிள்ளைக்கு ஆகாது. சாய்வு 9 பாகை வேண்டா, 10.5 அல்லது 12 எடுத்தால் பந்து எழும்பும். கைப்பிடி ரப்பர் நம் நாட்டு வெக்கையில் கல்லாகிவிடும்; அது கவலையில்லை, சில வெள்ளியில் மாற்றலாம்.

நானும் பையனும் சிரம்பானில் பழைய பொருள் கடையொன்றில் 460 தலையும் மென்மையான தண்டும் கொண்ட டிரைவர் ஒன்றை 180 வெள்ளிக்கு வாங்கினோம். 2000களின் பிற்பகுதியில் வந்தது. மேலே இரண்டு கீறல். அவன் மறுத்தான், பிறந்தநாள் பரிசு என்று பொய் சொன்னேன். ஒரு அங்குலம் கீழே தள்ளிப் பிடிக்கச் சொன்னார் பயிற்றுநர். முதல் பத்துப் பந்தில் ஆறு, வேலிக்குள்ளே விழுந்தன. ஏழாவது பந்து 200 கெஜப் பலகையைத் தாண்டியபோது அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பந்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

அப்பாவின் மட்டைக்குப் பசை வைத்து, கழுத்தில் புது நூல் சுற்றினேன். சுற்றியது பையன்தான், நான் நுனியைப் பிடித்துக்கொண்டேன். இப்போது அது என் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் சாத்தப்பட்டிருக்கின்றது. எண்ணெய் பூச வேண்டிய நாளை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கின்றேன்.