நான்காவது கிளிப்பு

நாமக்கல்லின் மலைக்கோட்டை கண்ணில் படுவதற்கு முன்பே, லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், டயர்க் கடைகளும், பட்டை ஸ்பிரிங் அடிக்கும் உலைகளும் சாலையின் இரு மருங்கிலும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வந்துவிடுகின்றன. தேசத்தின் நாலா திசைகளுக்கும் சரக்கேற்றிச் செல்லும் வாகனங்களை ஆக்கியும் காத்தும் ஜீவிக்கிற அந்த ஊரில், சம்மட்டி ஓசைகளுக்கு நடுவே அதிக ஓசையின்றி நடந்துவருகிற ஒரு தொழிலைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும் என்ற ஆவலோடு, பேட்டரி வேலை செய்யும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரின் கொட்டகைக்குப் போயிருந்தேன்.

சிமெண்டுத் தரையில் பலகை போட்டு, அதன்மேல் பேட்டரிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தவற்றின் மூடிகள் திறந்திருக்க, உள்ளே கந்தகத் திராவகம் நுண்ணிய குமிழிகளை எழுப்பிக்கொண்டிருந்தது. மாஸ்டர் என்று எல்லோரும் அழைக்கும் பெரியவருக்கு அறுபது வயதிருக்கலாம். அவருடைய சட்டையில் வயிற்றுப் பக்கமெங்கும் காணப்பட்ட சிறு துளைகள் திராவகம் தெறித்து உண்டானவை. தொழில் பழகும் பையன் ஒருவன் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லாக உறிஞ்சிப் பார்த்து, மிதவை காட்டும் எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தான். 1250-ஐ ஒட்டி நின்றால் நிறைந்த செல். 1150-க்குக் கீழே இறங்கினால் வறண்ட செல். ஆறு செல்களில் ஒன்று மட்டும் விடாமல் தாழ்ந்தே நிற்குமானால், அந்தப் பேட்டரிக்கு எவ்வளவு சார்ஜ் ஏற்றியும் பிரயோசனமில்லை என்று மாஸ்டர் ஒதுக்கி வைத்துவிடுகிறார்.

பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே 1859-இல் ஈயத் தகடுகளைத் திராவகத்தில் அமிழ்த்திச் செய்த ஏற்பாட்டின் வம்சத்தைச் சேர்ந்தவைதாம் அந்தப் பலகைமேல் இருந்த பெட்டிகள் யாவும். மின்சாரம் வெளியேற வெளியேறத் தகடுகளின்மேல் ஈய சல்பேட் படிகிறது. திராவகம் தண்ணீராக நீர்த்துப்போகிறது. அந்த நிலையிலேயே நெடுநாள் கிடந்தால் படிந்தது இறுகி, பிறகு கரைய மறுக்கிறது. பேட்டரியின் மின்சாரத்தால் என்ஜினைச் சுழற்றும் செல்ப் ஸ்டார்ட்டர் 1912-இல் காடிலாக் காரில் வந்ததற்கு முன், முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியே என்ஜினை எழுப்பினார்கள். கைப்பிடி எதிர்த்து உதைத்து மணிக்கட்டு முறிந்தவர்கள் அநேகர். பிற்காலத்து அம்பாசடர் கார்களையும், பேட்டரி ஓய்ந்தபோது, அப்படிச் சுழற்றிய ஞாபகம் மாஸ்டருக்கு உண்டு.

பகல் உணவு வேளைக்குச் சற்று முன்னால், அருகிலிருந்த விடுதியொன்றிலிருந்து ஆள் வந்தது. இரவெல்லாம் விளக்கை எரியவிட்ட கார் ஒன்று, சாவியைத் திருப்பினால் டிக் டிக்கென்று சப்தமிடுவதோடு நின்றுவிட்டதாம். மாஸ்டர் தம்முடைய வேனில் எங்களையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். போய்ச் சேர்ந்ததும், வேனின் பேட்டரியிலிருந்து காருக்கு மின்சாரம் கொடுக்கும் ஒயரை அவர் உடனே எடுக்கவில்லை. கார் பேட்டரியின் ஓட்டைச் சுற்றிலும் தடவி, வீக்கமோ வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்று வெகுநேரம் பரிசோதித்தார். "ஒடம்பு வீங்கினதுக்குக் கரண்டு குடுக்கவே கூடாதுங்க, கழட்டிப்போட்டுட்டு வேற வெக்கோணும்" என்றார். பின்பு வேனைக் காரில் உரசாத தூரத்தில் நிறுத்தி, இரண்டிலும் என்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹாண்ட் பிரேக் போட்டு, விளக்கு, ஏ.சி. யாவும் நிறுத்தப்பட்டிருப்பதை உறுதி செய்துகொண்டார்.

அவர் எடுத்த ஜம்பர் ஒயர்கள் விரல் பருமன் இருந்தன. ஸ்டார்ட்டர் சுழலும் கணத்தில் நூறு ஆம்பியருக்கு மேல் பாயும் மின்சாரத்தை மெல்லிய ஒயர் தாங்காது. சூடேறி, உறையே உருகிவிடும். சிவப்பு ஒயரின் ஒரு கிளிப்பை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டினார். மறுமுனையை வேனின் பிளஸ்ஸில் மாட்டினார். கறுப்பு ஒயரை வேனின் மைனஸில் மாட்டினார். நான்காவது கிளிப்பு ஒன்றுதான் மீதி. அதை அவர் செத்த பேட்டரியின் மைனஸுக்குக் கொண்டுபோகவில்லை. குனிந்து தேடி, பேட்டரியிலிருந்து தள்ளி, என்ஜினில் வர்ணம் பூசாத ஒரு கனத்த இரும்பைக் கவ்வச் செய்தார். கவ்வும்போது சிறு பொறி ஒன்று தெறித்ததை நான் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

அந்தத் தொழிலின் சாரம் முழுவதும் அந்தப் பொறியின் இடத்தில்தான் இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். சுற்று பூர்த்தியாகும் கடைசி இணைப்பில் பொறி தெறிப்பதைத் தடுக்க முடியாது. எங்கே தெறிக்க வேண்டும் என்பதை மட்டுமே மனிதன் தீர்மானிக்கலாம். பேட்டரியின் மூடித் துவாரங்களிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசிகிறது. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே அது தீப்பற்றும் தன்மை அடைந்துவிடுகிறது. அதன் வாயிலில் பொறி விழுந்தால், ஓடு பிளந்து திராவகம் முகத்தில் வந்து அறையும். மாஸ்டரின் வலது கண்ணோரத்தில் வெளுத்த தழும்பு ஒன்று இருக்கிறது. தொழில் பழகிய நாளில் நான்காவது கிளிப்பை மைனஸிலேயே மாட்டியதால் வந்தது என்றும், பக்கத்தில் தொட்டித் தண்ணீர் இருந்ததால் கண் பிழைத்தது என்றும் சொன்னார். அவரும் பையனும் பிளாஸ்டிக் கண்ணாடி அணிந்தே வேலை செய்தார்கள். இத்தனை அபாயமுள்ள வேலையில் அந்தக் கண்ணாடிகூட இல்லாமல் குனிந்து நிற்கும் எத்தனையோ பையன்களை வழிநெடுகப் பார்த்திருக்கிறேன்; பட்டறை நடத்துகிறவர்கள் இதைச் செலவு என்று கருதுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வேனின் என்ஜினை எழுப்பி, அது ஓடட்டும் என்று சில நிமிஷங்கள் காத்திருந்தபோது, அங்கே நின்றிருந்த லாரி டிரைவர் ஒருவர் நல்ல மனத்துடன், "எங்க வண்டியிலிருந்து குடுத்திருக்கலாமே அண்ணா" என்றார்.

"உன்னுது ரெண்டு பேட்டரி சேர்ந்து 24 வோல்ட்டு தம்பி. காருக்கு 12 போதும். அதைக் குடுத்தா உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் பூரா போயிரும்."

"ஒரு பேட்டரியில மட்டும் எடுத்தா?"

"எடுக்கலாம்னு சொல்றவங்க இருக்காங்க. கிளிப்பு ஒண்ணு மாறிப்போனா யாரு பதில் சொல்றது? நான் செய்யறதில்லே."

சாவியைத் திருப்பச் சொன்னார். கார் முதல் முயற்சியில் முனகியது. உடனே நிறுத்தச் செய்து, ஸ்டார்ட்டர் ஆறட்டும் என்று மீண்டும் காத்திருந்து திருப்பியதும், என்ஜின் எழுந்துகொண்டது. கழற்றும் வேலையை மாஸ்டர் பையனிடம் ஒப்படைத்தார். கடைசியாகப் போட்ட கிளிப்பு முதலில் வர வேண்டும். பையன் பேட்டரியின் பக்கம் கையைக் கொண்டுபோகாமல், என்ஜின் இரும்பிலிருந்த கறுப்புக் கிளிப்பை எடுத்தான். அதன்பின் வேனின் மைனஸ், வேனின் பிளஸ், முடிவில் காரின் பிளஸ். ஒரு கிளிப்பும் இன்னொன்றைத் தொடவில்லை.

வண்டி ஓடத் தொடங்கியதும் காரியம் முடிந்தது என்று நினைத்து, காருக்குரியவர் பணத்தை நீட்டி விடைபெறப் பார்த்தார். மாஸ்டர் அவரை விடவில்லை. ஆல்டர்னேட்டர் இருக்கிற சார்ஜைக் குறையாமல் காப்பதற்கு ஏற்பட்டதே அன்றி, அடியோடு வற்றிய பேட்டரியை நிரப்புவதற்கு ஏற்பட்டதல்ல என்றும், அந்தப் பாரத்தை அதன்மேல் சுமத்தினால் அதுவும் சூடாகிக் கெடும் என்றும் நிதானமாக எடுத்துச் சொல்லி, காரை நேரே கொட்டகைக்கு ஓட்டி வரச் செய்தார். அங்கே மைனஸை முதலில் கழற்றிப் பேட்டரியை இறக்கி, டெர்மினல்களில் பூத்திருந்த உப்பை வெந்நீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, பலகையில் ஓர் இடம் ஒதுக்கி வைத்தார்கள். 45 ஆம்பியர்-ஹவர் பேட்டரி அது. நாலரை ஆம்பியருக்குமேல் போகாமல் இரவு முழுதும் ஏற வேண்டும் என்று சாக்பீஸால் அதன் நெற்றியில் பையன் எழுதினான்.