அலைக்குள் ஒரு மணித்தியாலம்

ஒலிம்பிக் என்றவுடன் எங்களில் பலருக்கு ஞாபகம் வருவது ஓட்டப் போட்டிதான். 2000 ஆம் ஆண்டு சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றர் ஓட்டத்தில் பதக்கம் வென்றதை இன்றும் கதைக்கிறோம். ஆனால் ஒலிம்பிக் இப்போது மைதானத்தோடு நிற்பதில்லை. மலைச் சுவர் ஏறுதல், சில்லுப் பலகையில் ஓடுதல், கடல் அலையில் சறுக்குதல் ஆகியனவும் 2021 இல் நடைபெற்ற ரோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டன. அலைச்சறுக்கில் பெண்களுக்கான முதலாவது தங்கத்தை ஹவாய்த் தீவைச் சேர்ந்த கரிசா மூர் வென்றார். இந்த விளையாட்டை ஒலிம்பிக்கில் சேர்க்க வேண்டும் என்று விரும்பியவர் அதே தீவின் டியூக் கஹானமொகு. 1912 இலும் 1920 இலும் நீச்சலில் தங்கம் வென்றவர் அவர். அவருடைய விருப்பம் நிறைவேற ஏறத்தாழ நூறு வருடங்கள் சென்றன.

"இதெல்லாம் வெள்ளைக்காரருக்கும் காசுள்ளவர்களுக்கும் உரியது, எங்களுக்கு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தமிழ்நாட்டின் மாமல்லபுரத்தில் கமலி என்னும் சிறுமி வெறுங்காலோடு, சட்டை அணிந்தபடி சில்லுப் பலகையில் சறுக்கிய படம் உலகமெங்கும் பரவியது. அவளைத் தனியாக வளர்த்த தாய் சுகந்தியின் போராட்டத்தையும் சேர்த்துச் சொல்லும் 'கமலி' என்ற குறும்படம் 2019 இல் வெளிவந்தது. கமலி பின்னர் கடல் அலையிலும் சறுக்கத் தொடங்கினாள். "பெண் பிள்ளைக்கு ஏன் இது?" என்ற கேள்விக்கு அந்தத் தாய் மகளை விளையாட விட்டே பதில் சொன்னார்.

எங்கள் நாட்டிலும் உதாரணம் உண்டு. கிழக்கில் பொத்துவிலை அடுத்த அறுகம்குடாவுக்கு உலகின் பல பாகங்களிலிருந்தும் அலைச்சறுக்க வருகிறார்கள். உள்ளூர் ஆண்கள் பலகாலமாகச் சறுக்குகிறார்கள். பெண்கள் மட்டும் கரையில் நின்று பார்த்தார்கள். 2018 இல் அறுகம்குடா பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் உருவானது. இலங்கையில் பெண்களுக்கென அமைந்த முதலாவது அலைச்சறுக்குக் கழகம் அதுதான். அதை முன்னின்று நடத்திய ஷமாலி சஞ்சயாவின் தமையன் நாடறிந்த அலைச்சறுக்கு வீரர். அப்படியிருந்தும் அவர் பலகையைத் தொடுவதற்குச் சம்மதம் இலகுவில் கிடைக்கவில்லை. வீட்டு வேலை யார் செய்வது, வெயிலில் கறுத்துப் போவாய், ஊர் என்ன சொல்லும் என்ற பேச்சுக்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

கடந்த வருடம் ஒரு கருத்தரங்குக்காகப் பொத்துவிலுக்குப் போனபோது, மாலையில் ஒரு மணித்தியாலம் நானும் பழகிப் பார்த்தேன். எனக்கு வயது 36. நீச்சல் ஓரளவே தெரியும். ஆகையால் கற்றுத் தந்தவர் இடுப்பளவு தண்ணீருக்கு அப்பால் என்னை விடவில்லை. முழுக்கை ரீசேட்டும் நீளக் காற்சட்டையும் அணிந்துகொண்டேன். உடையைப் பற்றிக் கவலைப்படும் சகோதரிகளுக்காகவே இதைச் சொல்கிறேன்.

முதற் பாடம் மணலில்தான். பலகையில் குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை நெஞ்சருகே ஊன்றி, ஒரே தெம்பில் எழும்ப வேண்டும். ஒரு கால் முன்னும் மற்றது பின்னுமாக, முழங்கால் மடித்து நிற்க வேண்டும். கண் காலைப் பார்க்கக் கூடாது, போகும் திசையைப் பார்க்க வேண்டும். பலகை விலகிப் போகாதபடி ஒரு கயிறு கணுக்காலில் கட்டப்பட்டிருக்கும். விழுவதற்கும் பாடம் உண்டு. தலைகீழாகப் பாயாமல் உடம்பு பரவும்படி விழ வேண்டும். மேலே வரும்போது இரு கைகளாலும் தலையை மூடிக்கொள்ள வேண்டும், பலகை வந்து அடிக்கும்.

எத்தனை தரம் விழுந்தேன் என்று கணக்கில்லை. மூக்காலும் வாயாலும் உப்புத் தண்ணீர் போனது. எழும்பி நின்றது இரண்டே தரம். இரண்டாம் தரம் பலகை கரை மணலில் முட்டும்வரை நின்றேன். சில செக்கன்கள்தான், ஆனாலும் சின்னப் பிள்ளை மாதிரிக் கத்திச் சிரித்தேன். மற்றவர்களின் துயரத்தைக் கேட்டுக் கேட்டு இறுகிப்போயிருந்த உடம்பு இலேசானதை அன்றிரவு உணர்ந்தேன்.

ஹெந்தளைக்குத் திரும்பி வந்து இதை ஒரு அக்காவிடம் சொன்னேன். முல்லைத்தீவைச் சேர்ந்தவர். 2004 டிசம்பர் 26 அன்று கடல் அவருடைய மூத்த பிள்ளையைக் கொண்டுபோனது. 2009 இல் முள்ளிவாய்க்கால் கரையால் நடந்து முகாமுக்கு வந்தவர். இப்போது எங்கள் பக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார்.

"கடலில விளையாடப் போனனீங்களோ, தங்கச்சி?" என்று கேட்டார். "இஞ்ச கடற்கரை நடந்து போற தூரம். நான் ஒருநாளும் போகேல்ல."

நான் மறுமொழி சொல்லவில்லை. அவருடைய கடைசி மகளுக்கு 13 வயது. பாடசாலையில் நீச்சல் பழகுவதற்குப் பெற்றோர் கையொப்பமிட வேண்டிய படிவம் அந்த வீட்டில் பல நாட்களாகக் கிடந்தது எனக்குத் தெரியும்.

கடற்கோளின் பின் 2005 மார்ச்சில் ஒக்ஸ்பாம் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, பல இடங்களில் ஆண்களை விடப் பெண்களே கூடுதலாக இறந்ததை எடுத்துக் காட்டியது. பெண்களில் பலருக்கு நீந்தவோ மரம் ஏறவோ தெரியாது. பிள்ளைகளைக் கையில் பிடித்திருந்தார்கள். உடுத்திருந்த சேலையும் தடுத்தது. நீச்சல் பெண்ணுக்கு அவசியமற்ற ஆடம்பரம் என்று இதன் பிறகும் எப்படிச் சொல்ல முடியும்?

சில வாரங்களின் பின் அக்காவே என்னிடம் வந்து கேட்டார்: "தண்ணிக்க விழுந்தா என்ன செய்யவேணும் எண்டும் சொல்லிக் குடுப்பினமோ?"

"முதல்ல அதைத்தான் அக்கா சொல்லிக் குடுப்பினம்" என்றேன்.

படிவத்தில் கையொப்பம் வைத்தார். அவர் இன்றும் கடற்கரைக்குப் போவதில்லை. போக வேண்டும் என்று நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் சனிக்கிழமைகளில் நீச்சல் தடாகத்தின் ஓரத்தில் கதிரை போட்டு இருக்கிறார். தண்ணீரைப் பார்க்காமல் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சகோதரிகளே, எல்லோரும் அறுகம்குடாவுக்குப் போங்கள் என்று நான் எழுதவில்லை. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் எங்கள் ஹெந்தளைக் கடல் பொல்லாதது, அதில் இறங்கிப் பழக வேண்டாம். பழக்குபவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, ஆழமில்லாத தடாகத்தில் தொடங்குங்கள். கடலில் நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்காதீர்கள். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவை குறைந்த பின் கரைக்குத் திரும்புங்கள். இதை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். மகளின் பாடசாலையில் நீச்சல் இருந்தால் அந்தப் படிவத்தைத் தள்ளி வைக்காமல் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். உங்களுக்கும் இடம் உண்டா என்று கேட்பதில் வெட்கமில்லை.