காசில்லை மகள்

முதல் தரம் எனக்குக் கிடைத்தது 41 புள்ளி. நூறுக்குத்தான்.

போன செமஸ்டர் லீவில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கோல் சென்டரில் ரெண்டு மாசம் வேலை செய்தேன். ஆட்களுக்குக் கோல் எடுத்து, ஆயுள் காப்புறுதி பற்றிக் கதைத்து, ஏஜென்ட் வீட்டுக்கு வர ஓமென்று சொல்ல வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்கு முதல் ஒரு கிழமை பயிற்சி. முந்தியென்றால் சீனியர் அக்கா ஒராள் கஸ்டமராக நடிப்பாவாம். புதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் முன்னால் அவவோடு கதைத்துக் காட்ட வேண்டும், மற்றவை விழுந்து விழுந்து சிரிப்பினமாம். எங்கட பட்ச்சுக்கு அக்கா இல்லை. ஹெட்செட்டும் ஒரு ஏஐ கஸ்டமரும்தான்.

அது பெரிய மாயம் ஒன்றுமில்லை. சட்ஜிபிடி போன்ற ஒரு மொழி மொடலிடம் "உனக்கு 52 வயது, நீ ஒரு ரீச்சர், காப்புறுதியில் நம்பிக்கை இல்லை" என்று முதலே எழுதிக் கொடுத்திருப்பார்கள். நாங்கள் கதைப்பதை ஒரு மென்பொருள் எழுத்தாக்கும், மொடல் பதில் சொல்லும், இன்னொன்று அதைக் குரலாக்கும். கோல் முடிய அறிக்கை வரும். எவ்வளவு நேரம் கதைத்தீர்கள், எவ்வளவு நேரம் கேட்டீர்கள், எத்தனை தரம் 'அது வந்து' என்று இழுத்தீர்கள், பரிவு காட்டினீர்களா, மறுப்பைச் சமாளித்தீர்களா...

பகிடி என்னவென்றால் எங்கட ரீச்சரம்மா தமிழ்நாட்டுத் தமிழ் கதைத்தா. "சொல்லுங்க, என்ன விஷயமா கால் பண்ணீங்க?" சீரியலுக்குள்ளே போய்க் காப்புறுதி விற்பது மாதிரி இருந்தது.

ஆனால் உண்மையைச் சொல்லோணும், எனக்கு அது பிடித்திருந்தது. டியூட்டோரியலில் கையுயர்த்தவே பயப்படுகிற ஆள் நான். இரவு 11 மணிக்கும் அவவோடு கதைக்கலாம். பிழைத்தால் பார்க்க ஒருத்தரும் இல்லை, திருப்பித் தொடங்கலாம். நாலாம் நாள் 78. ஆறாம் நாள் 92.

அந்த 92 எப்படி வந்தது? "இப்போ காசில்லைங்க" என்று அவ சொன்னால், பயிற்சியில் அதற்குப் பெயர் மறுப்பு. மறுப்பு வந்தால் ஒரு செக்கன் பொறுக்க வேண்டும். குரலைத் தணித்து "உங்கட நிலைமை எனக்கு விளங்குது" என்று சொல்ல வேண்டும். பிறகு, ஒரு நாளைக்கு ஒரு பிளேன்ரீக் காசுதான் என்று கணக்குக் காட்ட வேண்டும். நாற்பது, ஐம்பது தரம் செய்திருப்பேன். கடைசி நாட்களில் ஒவ்வொரு தரமும் அவ இளகினா. இளகாமல் என்ன செய்வா? அவவுக்குச் சம்பளமும் இல்லை, லீசிங் கடனும் இல்லை, அடகு வைத்த காப்பும் இல்லை.

முதலாம் வருசச் சமூகவியலில் ஆர்லி ஹொக்ஷீல்ட்டைப் படித்திருந்தேன். விமானப் பணிப்பெண்களையும் கடன் அறவிடுகிறவர்களையும் ஆராய்ந்து, சிரிப்பும் கடுப்பும் எப்படிச் சம்பளத்துக்கு விற்கிற சாமானாகிறது என்று 1983இல் புத்தகம் எழுதியவர். உணர்வு உழைப்பு. பரீட்சையில் ரெண்டரைப் பக்கம் எழினேன். ஹெட்செட் போட்டிருந்த ரெண்டு மாசமும் அது ஒருநாளும் ஞாபகம் வரேல்லை.

மூன்றாம் கிழமை, புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு அம்மா. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "காசில்லை மகள்" என்றா.

நான் ஒரு செக்கன் பொறுத்தேன். குரல் தானாகவே தணிந்தது. "உங்கட நிலைமை எனக்கு விளங்குது அம்மா."

எனக்கு ஒரு மண்ணும் விளங்கியிருக்கவில்லை.

அங்கால் சத்தமில்லை. ஏஐ கஸ்டமர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததே இல்லை. தூரத்தில் கோழி கொக்கரிப்பது கேட்டது. பிறகு கேட்டா:

"படிக்கிற பிள்ளையோ?"

"ஓம் அம்மா, கம்பஸில."

"அவர் இஞ்ச வந்தா உமக்கு ஏதும் காசு கிடைக்குமோ?"

"...கொஞ்சம் கிடைக்கும்."

"அப்ப வரச்சொல்லும் மகள்."

நான் 'சம்மதம்' என்ற பெட்டியைக் கிளிக் பண்ணினேன். ஆயுள் காப்புறுதியை முதல் ஒன்றிரண்டு வருசத்துக்குள் கட்ட ஏலாமல் விட்டால், கட்டின காசு பெரும்பாலும் போனதுதான். அது எனக்குத் தெரியும். பயிற்சிப் புத்தகத்திலேயே இருந்தது. ஆனால் அதை ரீச்சரம்மா ஒருநாளும் கேட்டதில்லை, அதனால் அதற்குப் பதில் சொல்லி நான் பழகவும் இல்லை.

மெசினில் எனக்குக் கோபமில்லை. "காசில்லை என்றால், சரி அம்மா என்று சொல்லி வைக்கிற கோலுக்கும் புள்ளி கொடு" என்று எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் செய்திருக்கும். ஒரு வரி வேலை. எழுதியவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

லீவு முடிய விலகிவிட்டேன். ஏஜென்ட் போனாரா, அம்மா கையெழுத்து வைத்தாவா, தெரியாது. கேட்கவும் வழியில்லை. அவவின் நம்பர் கம்பனிக் கொம்பியூட்டரில் மட்டும்தான் இருந்தது. அந்தக் கோலுக்கான கொமிசன் மாசக் கடைசியில் சம்பளத்தோடு வந்தது. எடுத்துச் செலவழித்தும் விட்டேன்.