திண்டுக்கல்காரனும் ஒரு மோட்டார்க் கதவும்

திண்டுக்கல்லில் பிறந்தவனுக்குப் பூட்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்று உலகம் எதிர்பார்க்கிறது. நான் கல்கத்தாவுக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. இதற்குள் விடுதி அறைப் பூட்டு ஒன்று, நண்பர் ஒருவரின் டிரங்குப் பெட்டி, ஆராய்ச்சிக்கூடத்து அலமாரி ஆகிய மூன்றுக்கும் என்னை அழைத்துவிட்டார்கள். "நீ திண்டுக்கல் அல்லவா?" என்பதுதான் காரணம். என் தகப்பனார் பள்ளிக்கூட ஆசிரியர். எங்கள் வீட்டில் பூட்டு உண்டு, எல்லார் வீட்டிலும் இருப்பதைப் போல. அதற்கு மேல் எனக்கும் பூட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் இதை நான் வெளியே சொல்லவில்லை. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் கூடியிருக்கிறது. அதில் என் பங்கை நானும் அனுபவித்து வந்தேன். அதன் பலனைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லேக் மார்க்கெட்டுக்குப் பின்புறச் சந்தில் இருக்கும் மாமாவை நம் சங்கத்தில் பலருக்குத் தெரியும். தென்கிழக்கு ரயில்வேயின் கார்டன் ரீச் தலைமை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வயது 79. பொங்கலுக்கு ஊருக்குப் போக முடியாத மாணவர்களுக்கு அவர் வீட்டில் இலை உண்டு. பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். ஆகையால் மாமா என்றே சொல்லி வைக்கிறேன்.

மாமாவின் வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு தகரக் கொட்டகை. அதனுள்ளே ஓர் அம்பாஸிடர், 1986-ஆம் வருஷத்து மார்க் 4. கங்கைக்கு அக்கரையில் உத்தரபாராவில் பிறந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை ஒட்டி உருவான அந்த வம்சம் 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. கல்கத்தாவில் மஞ்சள் டாக்ஸியில் ஏறிய நண்பர்களுக்கு அதன் முதுகு நன்றாக நினைவிருக்கும்.

மாமாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஓட்டியவர் மாமி. கியர்த் தண்டு ஸ்டீயரிங்கை ஒட்டி இருக்கும் அந்த வண்டியை டிராம்களுக்கும் பஸ்களுக்கும் நடுவே, ஒருவரையும் திட்டாமல் ஓட்டினாராம். மாமா இடப்பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லுவாராம். "சொல்லுவேன், அவ கேக்கமாட்டா" என்பார். மாமி காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. நான் அவரைப் பார்த்ததில்லை. சமையலறை டப்பாக்களின்மேல் அவர் கையெழுத்தில் ஒட்டியிருக்கும் சீட்டுகளைத்தான் பார்த்திருக்கிறேன். உப்பு டப்பாவில் இப்போது சர்க்கரை இருக்கிறது. சீட்டை மாமா மாற்றவில்லை.

சொந்த மோட்டாருக்கு முதல் 15 வருஷம் கழிந்தபின், ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மாமாவின் வண்டிக்கு அந்தத் தவணை நெருங்கியிருந்தது. காகிதங்கள் எல்லாம் வண்டிக்குள்ளேயே, முன்பக்கத்து அறையில் இருந்தன. கதவோ திறக்கவில்லை. வலப்பக்கத்துக் கதவு மாமிக்கு மட்டும் திறந்துகொண்டிருந்த கதவு. இடப்பக்கத்துச் சாவித் துவாரம் என்றோ துருவேறி அடைந்துவிட்டது. பின் கதவுகளுக்குத் துவாரமே கிடையாது. கனடாவில் இருக்கும் மகன் டெலிபோனில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "கண்ணாடியை உடைச்சுடுங்கோ." மாமா அன்றைக்கு அவரோடு மேற்கொண்டு பேசவில்லை.

"நீ திண்டுக்கல் அல்லவோ?" என்று என்னைப் பார்த்தார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "பார்த்துவிடலாம், மாமா" என்றேன்.

எங்கள் ஊர் மாங்காய்ப் பூட்டு வேறு, மோட்டார்ப் பூட்டு வேறு என்பதை அன்றிரவு படித்துத் தெரிந்துகொண்டேன். மோட்டார்க் கதவின் பூட்டுக்குள் ஓர் உருளை இருக்கிறது. அதற்குள் மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு சின்னச் சுருள்வில் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். சரியான சாவி உள்ளே போனால், அதன் மேடுபள்ளங்கள் எல்லாத் தகடுகளையும் உருளையின் விளிம்போடு மட்டமாக நிறுத்தும். பிறகு உருளை திரும்பும். ஒரே ஒரு தகடு மயிரிழை துருத்தி நின்றாலும் திரும்பாது. ஏறக்குறைய 40 வருஷம் உழைத்த சாவியின் மேடுகள் தேய்ந்து போயிருந்தன. அதைக் கொடுத்து மாமா ஒரு நகல் வெட்டிக்கொண்டு வந்திருந்தார். தேய்ந்த சாவியின் நகல் தேய்மானத்தையும் சேர்த்துத்தானே நகல் எடுக்கும்! அது அசையவே இல்லை.

மாமிக்கு ஒரு வித்தை இருந்தது. சாவியை முழுக்க உள்ளே விட்டு, ஓர் அரிசியளவு வெளியே இழுத்து, கட்டைவிரலால் கொஞ்சம் மேலே தூக்கி, முழங்காலால் கதவை அழுத்திக்கொண்டு திருப்புவார். பௌதிக ரீதியில் இது முற்றிலும் நியாயம். பின்னால் இழுக்கும்போது மேட்டின் சரிவு தகட்டைச் சற்று உயர்த்திக் கொடுக்கும். கதவை அழுத்தினால் கொக்கியின்மேல் இருக்கும் பாரம் குறையும். இதையெல்லாம் மாமாவுக்குப் பத்து நிமிஷம் விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

பிறகு பென்சில் முனையைப் பொடி செய்து துவாரத்தில் ஊதினேன். எண்ணெய் விட்டால் தூசியைச் சேர்த்துப் பிசினாகிவிடும், கிராபைட் அப்படிச் செய்யாது. அது வரைக்கும் நான் செய்தது சரிதான். சாவியை விட்டேன். அரிசியளவு இழுத்தேன், தூக்கினேன், முழங்காலை வைத்தேன். திரும்பவில்லை. அரை மணி நேரம் இப்படியே போயிற்று. மாமா காப்பி போட உள்ளே போனார். அவர் இல்லாத அந்த நேரத்தில் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இரண்டு விரலால் பிடித்திருந்த சாவியைக் கை முழுவதாலும் பிடித்துத் திருகினேன்.

சத்தம்கூடப் பெரிதாக இல்லை. தலைப்பாகம் என் கையில், மற்றப் பாதி உள்ளே.

மாமா காப்பியோடு வந்தார். நான் சாவித்தலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "அடுத்த ஞாயிறு பார்க்கலாம், மாமா. இன்னும் ஊற வேண்டும்" என்று சொல்லிவிட்டேன். கிராபைட் என்ன ஊறுவது! அந்தக் காப்பியையும் குடித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சென்ற பருவத்தில் நம் பௌதிகத் துறையில் நான் பேசிய பொருள் உலோகச் சோர்வு. சிறு பாரமானாலும் ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப விழுந்தால் உலோகத்தில் விரிசல் பிறந்து மெள்ள வளரும். ஒரு நாள் மிச்சமுள்ளதும் சட்டென்று முறியும். திங்கட்கிழமை ஆராய்ச்சிக்கூடத்தில் ஒருவரும் இல்லாத வேளையில் அந்த முறிவை உருப்பெருக்கியின் கீழே வைத்துப் பார்த்தேன். பாடப்புத்தகத்துப் படத்தைப் போல இருந்தது. ஓர் ஓரத்தில் தொடங்கி முக்கால் பாகம் வரை வழவழப்பாக, கறுத்துப் போன பழைய விரிசல். மிச்சக் கால் பாகம் சொரசொரப்பாக, புதுப் பித்தளை நிறத்தில் பளிச்சென்று மின்னியது. அந்தக் கால் பாகம் என்னுடையது.

கணக்குப்படி முக்கால் குற்றம் என்னைச் சேராது. இதைக் கொண்டு ஒரு நல்ல சமாதானம் தயார் செய்தேன். புதன்கிழமை வரை அது தாங்கிற்று. வியாழன் மாலை 240-ஆம் பக்கத்துப் பாடம் ஒன்றும் மண்டையில் ஏறாமல், பஸ் பிடித்து லேக் மார்க்கெட்டுக்குப் போனேன்.

"மாமா, சாவியை உடைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையே உடைந்துவிட்டது. நான் திண்டுக்கல்தான், ஆனால் எனக்குப் பூட்டு தெரியாது."

மாமா சாவித்தலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழைய விரிசலைப் பற்றி, கேட்காமலேயே, சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தினார்.

"அப்படின்னா அவ இருக்கறச்சயே விரிஞ்சிருந்ததா?"

"இருந்திருக்கும், மாமா. பல வருஷமாக."

"அதான் என் கையில ஒரு நாளும் குடுக்கமாட்டா" என்றார். "உங்க கை முரட்டுக் கைன்னுவா. நான் கோவிச்சுப்பேன்." சாவித்தலையை மேஜைமேல் வைத்தார். "தம்பி, நீ சாப்பிட்டியா?"

மறுநாள் காலையில், இரும்பு வளையத்தில் சாவிக் கொத்தைக் குலுக்கிக்கொண்டு தெருவில் போகும் சாவிக்காரர் ஒருவரை நான் பிடித்து வந்தேன். முதலில் ரம்பத் தகட்டின் சில் ஒன்றால் உடைந்த துண்டைக் கொக்கி போட்டு இழுத்தார். பிறகு வெட்டாத சாவி ஒன்றை நெருப்பில் காட்டிக் கறுப்பாக்கி, துவாரத்தில் விட்டு இலேசாக அசைத்து, வெளியே எடுத்துக் கண்ணருகில் பிடித்தார். தகடு இடித்த இடத்தில் ஊசிமுனைத் தடம் தெரிந்தது. அங்கே மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. இப்படி ஒரு மணி நேரம். நான் ஒரு தடவை அவசரமாக எட்டிப் பார்த்தபோது, "ஆஸ்தே, தாதா, ஆஸ்தே" என்றார். பூட்டையே கேட்டுக் கேட்டுச் சாவி செய்வதை அன்றுதான் பார்த்தேன். தேய்ந்த சாவிக்கு அங்கே வேலையே இல்லை.

புதுச் சாவி வெண்ணெயில் கத்தி போவதுபோல் திரும்பியது. உள்ளே பழைய ரெக்ஸினும் பெட்ரோலும் கலந்த வாசனை. ஓட்டுநர் ஆசனம் முடிந்தமட்டும் முன்னால் தள்ளி, ஒரு திண்டு போட்டிருந்தது. மாமி குள்ளம் என்று அப்போதுதான் தெரிந்தது. மாமா அதில் உட்காரப் பார்த்தார், முழங்கால் இடித்தது. ஆசனத்தைப் பின்னால் நகர்த்தப் போனேன். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சுற்றிப் போய் இடப்பக்கத்துக் கதவை உள்ளிருந்து திறக்கச் சொல்லி, தம் இடத்தில் உட்கார்ந்து காகிதங்களை எடுத்துக்கொண்டார். சாவிக்காரர் கேட்ட கூலிக்கு மேல் 50 ரூபாய் கொடுத்தார். உடைந்த இரண்டு துண்டையும் வாங்கிக்கொண்டார். அவை இப்போது சர்க்கரை இருக்கும் உப்பு டப்பாவின் பக்கத்தில் இருக்கின்றன.

பதிவைப் புதுப்பிக்க வேண்டுமானால் வண்டியை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பாட்டரி புதிது போட்டாகிவிட்டது. எஞ்சினும் இருமிக்கொண்டே கிளம்புகிறது. மாமாவுக்கும் எனக்கும் ஓட்டத் தெரியாது. நம் சங்கத்து நண்பர்களில் லைசென்ஸ் உள்ளவர், ஸ்டீயரிங்கை ஒட்டிய கியருக்குப் பயப்படாதவர், முக்கியமாகக் கொஞ்சம் குள்ளமானவர் யாராவது இருந்தால் விடுதி 14-ஆம் அறைக்கு வந்து என்னைப் பார்க்கவும். மத்தியானச் சாப்பாடு மாமா வீட்டில். வழி மாமா சொல்லுவார். கேட்க வேண்டியதில்லை.