சிமி அழுதாள், எல்லாரும் நம்பினார்கள்

'அந்தாதுன்' பார்த்த நாலு பேரை ஒரு அறையில் உட்கார வைத்தால் அஞ்சு கருத்து வரும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது. நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்றால் முதலில் பார்த்துவிட்டு வாருங்கள். கதையின் முடிச்சுகளை எல்லாம் நான் அவிழ்க்கப் போகிறேன்.

2018 அக்டோபரில் வந்த இந்திப் படம் இது. இயக்குநர் ஸ்ரீராம் ராகவன். ஒரு பிரெஞ்சுக் குறும்படத்திலிருந்து பிறந்த கதை. புனேயில் கண் தெரியாதவன் மாதிரி நடித்துக்கொண்டு பியானோ வாசிக்கிறான் ஆகாஷ். ஒரு காலத்தில் ஹீரோவாக இருந்த பிரமோத், கல்யாண நாளில் தன் மனைவி சிமிக்கு சர்ப்ரைஸாக வாசிக்கச் சொல்லி அவனை வீட்டுக்குக் கூப்பிடுகிறார். ஆகாஷ் போகும்போது பிரமோத் பிணமாகக் கிடக்கிறார். பாத்ரூமில் சிமியின் காதலன். எல்லாம் இவன் கண்ணில் படுகிறது, ஆனால் இவன்தான் 'குருடன்' ஆச்சே! இவன் வாசித்துக்கொண்டே இருக்க, அவர்கள் பிணத்தை சூட்கேஸில் அடைக்கிறார்கள். பயப்படுவதா சிரிப்பதா என்று நமக்கே தெரியாது. அப்புறம் போலீஸில் சொல்லலாம் என்று ஸ்டேஷனுக்குப் போனால், அங்கே உட்கார்ந்திருக்கும் இன்ஸ்பெக்டரே அந்தக் காதலன்தான்.

சிறந்த இந்திப் படத்துக்கான தேசிய விருதும், ஆயுஷ்மான் குரானாவுக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தன. 2021ல் தெலுங்கிலும் மலையாளத்திலும் எடுத்தார்கள். 2024ல் தமிழில் 'அந்தகன்' வந்தது. பிரசாந்த் பியானோ வாசிக்க, தபு நடித்த சிமியாக நம்ம சிம்ரன். 'ஜோடி' பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஜோடியை இப்படிப் பார்ப்பதே ஒரு அதிர்ச்சி. ஆனால் 2000ல் வந்த 'பார்த்தேன் ரசித்தேன்' படத்திலேயே பிரசாந்துக்கு எதிராக சிம்ரன் வில்லத்தனம் பண்ணியது ஞாபகம் இருப்பவர்கள் அவ்வளவாக ஆச்சரியப்பட மாட்டார்கள்.

இனி எங்கள் வீட்டு விமர்சனம். ஒரு சனிக்கிழமை ராத்திரி, சின்னவர்கள் தூங்கின பிறகு போட்டோம்.

அத்தைக்குப் படம் பிடிக்கவே இல்லை. "புருஷனைக் கொன்னுட்டு ஒருத்தி ஜாலியா சுத்துறா, இதுல காமெடி என்ன வேண்டிக்கிடக்கு?" என்றார். சிமி ஏன் இப்படி ஆனாள் என்று படம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அவருடைய முக்கியமான குறை. நம்ம படமாக இருந்தால் ஒரு ஃபிளாஷ்பேக்காவது வைத்திருப்பார்களாம்.

என் கணவர் நேர் எதிர். காரணம் சொல்லாமல் விட்டதுதான் படத்தின் பலமே என்றார். நண்டு சமைக்கிற அதே நிதானத்தோடு கொலையையும் பண்ணுகிறாளே, அதைப் பார்த்துத்தான் நமக்கு வயிறு கலங்குகிறது என்பது அவர் கட்சி.

அக்கா பையனுக்குப் பதினாறு வயது. அவனுக்குக் கோபம் சிமி மேல் இல்லை, ஆகாஷ் மேல். "கண்ணு தெரியாத மாதிரி நடிச்சு எல்லாரோட இரக்கத்தையும் வாங்குறான். அவனை ஏன் ஹீரோன்னு சொல்றீங்க?" கடைசிக் காட்சியில் அவன் கைத்தடியால் தகர டப்பாவைத் தட்டிவிட்டுப் போகிறானே, அதுவரை அவன் சொன்ன கதை முழுக்கப் பொய்யாகக்கூட இருக்கலாம் என்றும் வாதாடினான். அப்படியென்றால் சிமி நிஜமாக எவ்வளவு கெட்டவள் என்பதே நமக்குத் தெரியாது. கதையைச் சொன்னவனே அவன்தானே!

அம்மா மட்டும் பேசவில்லை. ஆனால் படத்தின் நடுவில் ஓர் இடத்தில் சத்தமாகச் சிரித்தார். பிரமோத் இறந்த பிறகு துக்கம் விசாரிக்க வீடு நிறைய ஆட்கள். சிமி சோகமே உருவாக நிற்கிறாள். ஒரு வயசான பக்கத்து வீட்டம்மா மட்டும் போலீஸிடம் உண்மையைச் சொல்லப் பார்க்கிறார். சிமி அதைக் காதில் வாங்கிக்கொள்கிறாள். அந்த இடத்தில்தான் சிரிப்பு.

அக்கா பையன் விடவில்லை. "பாட்டி, நீங்க ஏன் அங்க சிரிச்சீங்க?"

"அவ சரியா அழுதா, எல்லாரும் நம்பினாங்க. உங்க தாத்தா போனப்போ எனக்கு அழுகையே வரல. ஒருத்தரும் நம்பல."

அறையே அமைதியாகிவிட்டது.

அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. அன்றைக்கு ஊரில், அம்மா டாக்டரின் பில், ஐஸ் பெட்டி, வந்தவர்களுக்குக் காபி என்று நடந்துகொண்டே இருந்தார். "கல்லு மாதிரி இருக்கா பாரு" என்று திண்ணையில் யாரோ சொன்னது என் காதிலும் விழுந்தது. மூன்றாம் மாதம் அம்மா கலர் புடவை கட்டினதுக்கு ஒரு பேச்சு. எங்களோடு இருக்க கனடாவுக்குக் கிளம்பினதுக்கு இன்னொரு பேச்சு.

படத்தை அன்றைக்கு ராத்திரி மறுபடி யோசித்துப் பார்த்தேன். சிமியின் தந்திரத்தில் பாதி நம்ம ஜனங்களும் பழகிப்போன ஒன்றுதான். கணவனை இழந்தவள் எப்படி நிற்கணும், எப்போது அழணும், எத்தனை நாள் சிரிக்கக் கூடாது என்று ஊர் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலைச் சரியாகப் பூர்த்தி செய்பவளை யாரும் சந்தேகப்படுவதில்லை, அவள் கொலைகாரியாகவே இருந்தாலும்! பூர்த்தி செய்யாதவள் முப்பத்தஞ்சு வருஷம் நல்லபடியாகக் குடும்பம் நடத்தியிருந்தாலும் கல்நெஞ்சுக்காரி. வெளிப்புறத்தை மட்டும் சோதிக்கிற எந்தப் பரீட்சையையும் ஏமாற்றலாம் என்பது என் வேலையில் தினமும் பார்க்கிற விஷயம்.

சிமிக்கு வக்காலத்து வாங்கவில்லை. அம்மாவும் வாங்கவில்லை. "அவளை உள்ள தள்ளியிருக்கணும்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

நம்மில் பலருடைய அம்மாக்கள் அப்பா போன பிறகு இரண்டு சூட்கேஸோடு நம் வீட்டுக்கு வந்தவர்கள். விசா, மாத்திரை, இன்சூரன்ஸ் எல்லாம் நாம் பார்த்துக்கொள்கிறோம். நேராக உட்கார்ந்து துக்கத்தைப் பற்றிப் பேசுவது மட்டும் இரண்டு பக்கமும் கஷ்டமாக இருக்கிறது. ஒரு கொலைப் படம் அதற்கு வழி விடும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. விஷம், உறுப்புத் திருட்டு எல்லாம் வருவதால் சின்னப் பிள்ளைகளோடு பார்க்காதீர்கள். பதினாறு வயதுப் பேரனையும் பாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள்.

அன்றைக்கு அவன் அடுத்துக் கேட்டது, "தாத்தா எப்படி இருப்பார் பாட்டி?" அம்மா ஒரு மணி நேரம் பேசினார். சிரித்தார், கொஞ்சம் அழவும் செய்தார். யாரும் கணக்குப் பார்க்கவில்லை. போய்ப் படுக்கும்போது, "அடுத்த வாரம் சிம்ரன் படத்தைப் போடு, அவ எப்படி அழுறான்னு பார்ப்போம்" என்றார்.