ரிப்போர்ட் செய்தால் மட்டும் போதுமா?

"ரிப்போர்ட் செய்தாகிவிட்டது, டீச்சர்!"

நம் தாய்மார்கள் இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். பெரிய பாரத்தை இறக்கி வைத்துவிட்ட நிம்மதி அது. "நல்லதம்மா, ரிப்போர்ட் நம்பர் என்ன? பிரதி எங்கே?" என்று கேட்டால்தான் முகம் மாறும். "அதெல்லாம் பாலாயில்தான் இருக்கும். நமக்கு எதற்கு?" என்பார்கள்.

தோட்டப் பள்ளி ஆசிரியருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது மட்டும் வேலையல்ல என்பது வாசகர்களுக்குத் தெரியும். சொக்சோ பாரம் நிரப்புவது, பிறப்புப் பத்திரத்துக்கு மனு எழுதுவது, ஆஸ்பத்திரிக் கடிதத்தை வாசித்துச் சொல்வது எல்லாம் எங்கள் தலையில்தான் விழும். பீடோங், சுங்கைப் பட்டாணி, பாடாங் செராய் பக்கத்துத் தோட்டங்களில் இருபது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருகிறேன். அந்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன்: நம் குடும்பங்களில் பலர் ரிப்போர்ட் செய்யத் தயங்குவதில்லை. அதன் பிரதியைக் கேட்டு வாங்கத்தான் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தால் நேரும் நஷ்டம் கொஞ்ச நஞ்சமல்ல.

முதலில் ரிப்போர்ட் என்றால் என்னவென்று பார்ப்போம். நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. ஒருவர் வாயால் சொல்லும் புகாரைப் போலீசார் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். எழுதியதைச் சொன்னவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் அவர் கையெழுத்திட வேண்டும். குற்றம் கூலிமில் நடந்திருந்தாலும் அலோர் ஸ்டார் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். மலேசியாவில் எங்கு நடந்த குற்றமானாலும் அதைப் பற்றிய தகவலைப் பெற்றுக்கொள்வது போலீசாரின் கடமை.

வாசித்துக் காட்டுவது வெறும் சடங்கல்ல. ஒருமுறை என் மாணவி ஒருத்தியின் தாயாருடன் காவல் நிலையத்துக்குப் போயிருந்தேன். சந்தைக்குப் போன வழியில் மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அவருடைய சங்கிலியைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். அம்மாவுக்கு மலாய் மொழி அவ்வளவாக வராது. "சங்கிலி போச்சு, சங்கிலி போச்சு" என்றே அழுது கொண்டிருந்தார். எழுதி முடித்த தாளை வாங்கிப் பார்த்தேன். சங்கிலி 'ஹீலாங்', அதாவது காணாமல் போயிற்று என்றிருந்தது. 'டிராகுட்' என்ற சொல்லே இல்லை. "துவான், இது தொலைந்த சங்கிலி அல்ல, பறிக்கப்பட்ட சங்கிலி" என்று பணிவாகச் சொன்னேன். அந்த அதிகாரியும் முகம் சுளிக்காமல் திருத்தி அச்சிட்டார். தொலைந்ததற்கு யாரைத் தேடுவார்கள்? பறித்தவனைத் தேட வேண்டுமானால் அந்த ஒரு சொல் வேண்டும் அல்லவா?

கையெழுத்திட்ட பிறகு பிழை தெரிந்தால் பழைய ரிப்போர்ட்டை அழிக்க முடியாது. அதன் எண்ணைக் குறிப்பிட்டு இன்னொரு ரிப்போர்ட் செய்ய வேண்டும். அதே சமயம், தெரிந்தே பொய்ப் புகார் கொடுப்பது தண்டனைச் சட்டத்தின் 182-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி, பிரதியைப் பற்றி. "போலீஸ் தாளை நாம் கேட்கலாமா?" என்ற பயம் நம்மவர்களுக்கு உண்டு. இந்தக் கேள்வி நம் நாட்டு நீதிமன்றத்தில் 1956-ஆம் ஆண்டிலேயே, சுதந்திரத்துக்கு முன்பே எழுந்து விட்டது. அந்தோணிசாமி என்பவரின் வழக்கில், போலீசுக்குக் கிடைத்த முதல் தகவல் அறிக்கை ஒரு பொதுப் பத்திரம் என்றும், குற்றம் சாட்டப்பட்டவர் அதன் பிரதியைப் பெற உரிமை உள்ளவர் என்றும் நீதிமன்றம் கூறியது. சான்றுச் சட்டத்தின் 76-ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கிறது. பொதுப் பத்திரத்தைப் பார்வையிட உரிமையுள்ளவர் கட்டணம் செலுத்திக் கேட்டால், அதிகாரி சான்றளித்த பிரதியைக் கொடுக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்த உரிமை இருக்கும்போது, புகார் கொடுத்த நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

இந்தத் தாள் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு தேவையென்று காட்டும் சம்பவம் ஒன்றைச் சொல்கிறேன். என் வகுப்புப் பையன் ஒருவனின் தகப்பனார் காலை வேலைக்குப் போகும் வழியில் லாரி மோதி இறந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலேயே ஒரு 'ரன்னர்' வந்து, "அக்கா, எல்லாவற்றையும் நான் பார்த்துக் கொள்கிறேன்" என்று தாள்களை வாங்கிக்கொண்டு போனான். பிறகு அவன் தொலைபேசியை எடுக்கவே இல்லை. இரண்டரை ஆண்டுகள் கழித்துத்தான் அந்த அம்மா என்னிடம் வந்தார். கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

எனக்குப் பகீரென்றது. மரணமடைந்தவரை நம்பியிருந்த குடும்பம் நஷ்டஈட்டு வழக்குப் போட 1956-ஆம் ஆண்டின் சிவில் சட்டம் கொடுக்கும் கெடு மூன்று ஆண்டுகள்தான். மறுநாளே மாவட்டப் போலீஸ் தலைமையகத்தின் போக்குவரத்துப் பிரிவுக்குப் போனோம். அந்த அம்மாவின் அடையாளக் கார்டு, திருமணப் பத்திரம், கணவரின் மரணப் பத்திரம், விபத்து நடந்த தேதி, இடம், மோட்டார் சைக்கிளின் எண் ஆகியவற்றை எடுத்துச் சென்றோம். ரிப்போர்ட் எண் தெரியாவிட்டாலும் இவற்றைக் கொண்டு தேட முடிந்தது. லாரி ஓட்டுநர் செய்திருந்த ரிப்போர்ட்டின் பிரதி கிடைத்தது. விபத்து இடத்தின் வரைபடம், அதன் விளக்கக் குறிப்பு, புகைப்படங்கள் ஆகியவற்றுக்கும் மனுச் செய்தோம். கோப்பு விசாரணை அதிகாரியிடம் இருந்ததால் மேலும் இரண்டு முறை நடக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் ரசீதைப் பத்திரப்படுத்தினோம். கெடு முடியச் சில வாரங்களே இருந்தபோது வழக்கறிஞர் வழக்கைப் பதிவு செய்தார். வேலைக்குப் போகும் வழியில் நேர்ந்த விபத்தும் சொக்சோ பாதுகாப்பில் அடங்கும் என்பதால், அந்த மனுவுக்கும் அதே தாள்கள் உதவின.

விபத்தானால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவிக்க வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம். காயம்பட்டவர் படுக்கையில் இருந்தால், வீட்டார் அடுத்த தரப்பு செய்த ரிப்போர்ட் எண்ணையாவது குறித்து வைத்துக் கொள்ளுங்கள். முன்பின் தெரியாதவர் கையில் அசலைக் கொடுத்துவிட்டு நிற்காதீர்கள்.

"ரிப்போர்ட் செய்து மாதக்கணக்காகிறது, ஒரு தகவலும் இல்லை" என்று புலம்புவோரும் உண்டு. போலீஸ் படையைப் பற்றி ஆராய்ந்த அரச ஆணையம் 2005-இல் 125 பரிந்துரைகளைக் கொடுத்தது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் திருத்திய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107ஏ என்ற புதிய பிரிவு வந்தது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்து, புகார் கொடுத்து நான்கு வாரங்கள் கடந்திருந்தால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார் கொடுத்தவர் கேட்கலாம். இரண்டு வாரத்துக்குள் அந்தக் காவல் நிலைய அதிகாரி பதில் தர வேண்டும். தராவிட்டால் பப்ளிக் பிராசிகியூட்டரிடம் முறையிடலாம். பெயர், அடையாளக் கார்டு எண், ரிப்போர்ட் எண், தேதி, '107ஏ பிரிவின்படி கேட்கிறேன்' என்ற வாசகம், இவ்வளவையும் மலாய் மொழியில் எழுதினால் போதும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக் கொள்ளுங்கள்.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சாட்சிகளிடம் போலீசார் 112-ஆம் பிரிவின்படி எடுக்கும் வாக்குமூலம் கிடைக்காது. விசாரணைக்குப் பாதகம் செய்யும் விவரத்தையும் சொல்ல மாட்டார்கள். நமக்குச் சம்பந்தமில்லாத அண்டை வீட்டுக்காரர் ரிப்போர்ட்டை வம்புக்காகக் கேட்கவும் இடமில்லை. அது நியாயம்தானே?

மற்ற நாடுகளிலும் இதற்கு வழியுண்டு. அமெரிக்காவில் மாநிலந்தோறும் பொதுப் பதிவுச் சட்டம் உண்டு. கவுண்டி எனப்படும் வட்டாரத்தின் ஷெரிப் அலுவலகத்துக்கே மக்கள் கடிதம் எழுதிப் பதிவுகளைக் கேட்கிறார்கள். இந்தியாவில் புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் பிரதியை இலவசமாகக் கொடுக்க வேண்டும். முக்கிய அந்தரங்க வழக்குகள் நீங்கலாக அந்த அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் வெளியிட வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. நம் நாட்டில் சிலாங்கூரும் பினாங்கும் தகவல் சுதந்திரச் சட்டங்களை இயற்றியிருக்கின்றன. ஆனால் போலீஸ் படை மத்திய அரசாங்கத்தின் கீழ் இருப்பதால், மாநிலச் சட்டம் அங்கே செல்லாது. ஆகவே மேலே சொன்ன பிரிவுகளைத்தான் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சகோதரிகளே! நகைச் சீட்டையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் எவ்வளவு பத்திரமாக வைக்கிறோம்! அதே பையில் ரிப்போர்ட் பிரதிக்கும் ஓர் இடம் கொடுங்கள். அதன் எண்ணை நாட்காட்டியின் பின்புறத்திலும் எழுதி வையுங்கள். வழக்குச் செலவுக்கு வசதியில்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவை அணுகிக் கேட்கலாம்.

மலாய் மொழி தெரியாதே என்ற கவலை வேண்டாம். உங்கள் வீட்டில் ஐந்தாம் ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருக்கிறதா? அவனையோ அவளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லுங்கள். நாங்கள் பள்ளியில் சொல்லிக் கொடுக்கும் படிப்பு அதற்கும் உதவத்தான் வேண்டும்.