ஆதொண்டை

வெளிநாட்டில் மொட்டை உப்பிலிட்டு 'கேப்பர்' என்று விற்கிறார்களே, அதன் உறவுதான் நம் ஆதொண்டை. தொண்டைமண்டலத்தை வென்றதாகக் கதை சொல்வார்களே, அந்த ஆதொண்டச் சக்கரவர்த்தி பெயரிலேயே இருக்கிறது. நாம் மொட்டைத் தொடமாட்டோம். காயை மோரில் ஊறவைத்து வற்றல் போடுவோம்.

ஒரகடம் சாலையை அகலப்படுத்தியபோது வேலிப் புதரெல்லாம் போயிற்று. அதற்கு முன்பே சிவந்த பழம் இரண்டை என் மனைவி பறித்து வந்திருந்தாள். சதையைக் கழுவி அன்றே விதைத்தாள். காய்ந்தால் முளைக்காது என்பாள். 20 விதையில் 3 முளைத்தது.

அவள் போய் 4 வருஷம். கொக்கி முள் வேட்டியைப் பிடித்து இழுக்கிறது, மகன் வெட்டச் சொல்கிறான். இந்தக் கோடையில்தான் முதல் பூ; வெள்ளையாய் விரிந்து இளஞ்சிவப்பாகி உதிர்ந்தது. ஆவணியில் 7 காய். வற்றலுக்குப் போதாது. பழுக்க விட்டிருக்கிறேன், விதை வேண்டுபவர்கள் சொல்லுங்கள்.